பெரியப்பாவின் படத்தோடு படைக்குப் போகும் மகனுக்கு

மகன், நீ தமிழை எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பாய். சனிக்கிழமைகளில் திரான்சித் தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்கு உன்னை இழுத்துக்கொண்டு போனது வீண்போகவில்லை என்று இன்றைக்குத்தான் நினைக்கிறேன். பிரெஞ்சில் எழுதினால் ஒரே மூச்சில் ஓடிப்போய்க் கடைசி வரியில் நிற்பாய். தமிழில் என்றால் ஒவ்வொரு சொல்லிலும் கால் வைத்துத்தான் வரவேண்டும். மெதுவாக வா. எனக்குப் பொறுமை கிடையாது என்று உனக்குத் தெரியும், உன் அம்மாவுக்குத் தெரியும், நான் லிஃப்ட் திருத்தப் போகிற கட்டடங்களின் காவல்காரர்களுக்கும் தெரியும். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் நீளமாகக் கதைக்கப்போகிறேன். மற்றவர்களும் வாசிக்கட்டும் என்றுதான் இதை ஒட்டி மூடாமல் விடுகிறேன். பாரிஸில் லா சப்பலைச் சுற்றி எங்களுடையதைப் போல நிறைய வீடுகள் இருக்கின்றன. சுவரில் ஒரு படம் தொங்கும். அதைப் பற்றி ஒருவரும் வாய் திறக்காமல் கீழே இருந்து சாப்பிடுவார்கள்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் புட்டும் ஆட்டிறைச்சிக் கறியும். நீ கோப்பையைத் தள்ளி வைத்துவிட்டு, "அப்பா, ஜே சின்யே" என்றாய். கையெழுத்து வைத்துவிட்டேன் என்கிறாய். ஏதோ போன் கொன்ட்ராக்ட் என்று நினைத்து, "எதுக்கு?" என்று கேட்டேன். "லார்மே" என்றாய். பிரெஞ்சுப் படை. உன் அம்மா அகப்பையோடு அப்படியே நின்றாள்.

"என்ன, ஆமியே?"

"இது அந்த ஆமி இல்லை அம்மா. இது பிரான்ஸ்."

"ஆமி ஆமிதான்ரா."

அவளைக் குறை சொல்லாதே. ஆமி என்றால் எங்களுக்கு வருகிற ஆட்கள். நாங்கள் ஓடுகிற ஆட்கள். அந்தச் சொல்லுக்குள் தன் பிள்ளை போய் நிற்பான் என்று அவள் கனவிலும் நினைக்கவில்லை. நான் என் வழக்கப்படி கத்தினேன். "உனக்கென்ன விசரே? படிப்பை முடி, என்னோடை வேலைக்கு வா எண்டு எத்தினை தரம் சொன்னனான்?" நீ திருப்பிக் கத்தவில்லை. பர்ஸைத் திறந்து பெரியப்பாவின் சின்னப் படத்தை எடுத்து மேசையில் வைத்தாய். "பெரியப்பாவும் போனவர்தானே. இதே வயசிலைதானே. அவர் போனதை நீங்கள் சுவரிலை மாட்டி வைச்சிருக்கிறியள். நான் போனா விசரோ?" பிரெஞ்சில் சொல்லியிருந்தால் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன். நீ அதைத் தமிழில், ஒரு பிழையும் விடாமல் சொன்னாய். நான் எழும்பிக் கை கழுவிவிட்டு வெளியே போனேன். அன்றைக்குப் பிறகு உன்னோடு கதைக்கவில்லை. திங்கட்கிழமை காலை நீ கார் து லெஸ்ட் ஸ்டேஷனில் ரயில் ஏறுகிறாய். அதற்கு முன் உன் கேள்விக்கு நான் பதில் தர வேண்டும்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊர்ச் சண்டைகளைப் பற்றி உனக்கு என்னைவிடக் கூடத் தெரியும். நீ மாதக்கணக்காய் வரைபடங்களைக் கீறி, சிவப்பு அம்பு, நீல அம்பு போட்டு வைத்திருக்கிறாய். ஒருநாள் சோபாவில் என் பக்கத்தில் இருந்து, "இஞ்சை பாருங்கோ அப்பா, இயக்கச்சியிலை கிணறுகளைப் பிடிச்ச உடனை ஆனையிறவு முடிஞ்சுது, ஆமிக்குக் குடிக்கத் தண்ணி இல்லை" என்று விரலால் காட்டினாய். சரியாகத்தான் சொன்னாய். எனக்கு அது தெரியாது. எல்லாச் சண்டையும் எனக்குச் சத்தமாகத்தான் தெரியும். நீ மேலே இருந்து பார்க்கிறாய். நான் பங்கருக்குள் இருந்து மண் கொட்டுப்படுவதைப் பார்த்தவன். வரைபடம் எனக்குப் பிடிக்கும், வயரிங் படம் பார்த்துப் பிழைக்கிறவன்தானே. ஆனால் வயரிங் படத்தில் கரண்ட் அடிக்காது.

உனக்கு ஆறு ஏழு வயதில் இரண்டாம் இலக்க மெட்ரோவில் போகும்போது ஒரு கேள்வி கேட்டாய். அந்த ரயில் பார்பெஸில் நிலத்துக்கு மேலே வந்து, கார் து நோர் தண்டவாளங்களுக்கு மேலாக வெளிச்சத்துக்குள் மிதந்து போகும். லா சப்பலுக்கு அடுத்தது ஸ்தாலின்கிராட். "அப்பா, ஸ்தாலின்கிராட் எண்டா என்ன?" "சண்டை." "ஆர் வெண்டது?" "இறங்கடா, கதவு பூட்டப்போகுது." என்னுடைய பதில்கள் எல்லாம் அப்படித்தான். ஆனால் அந்தக் கேள்வி என்னை விட்டுப் போகவில்லை. இந்த ஊர்க்காரர் தங்கள் சண்டைகளையும் மற்றவர்களுடைய சண்டைகளையும் தரிப்பிடங்களாக்கிவிட்டார்கள். சனம் அங்கே ஏறுகிறது, இறங்குகிறது, நின்றுகொண்டு சான்ட்விச் சாப்பிடுகிறது. ஒருவருக்கும் நெஞ்சு அடைப்பதில்லை.

சில காலைகளில் உட்கார இடம் கிடைத்து, கண்ணாடியால் வெயில் முகத்தில் விழுந்தால், நான் கண் அயர்ந்துவிடுவேன். அப்போது கனவில் ரயில் வேறு தடத்தில் போகும். தரிப்பிடம் சொல்கிற அந்தப் பெண்குரல் உனக்குத் தெரியும்தானே. ஒவ்வொரு பெயரையும் இரண்டு தரம் சொல்லும், முதலில் கேள்வி மாதிரி, பிறகு பதில் மாதிரி. யாழ்ப்பாணக் கோட்டை? யாழ்ப்பாணக் கோட்டை. கதவு திறக்கும். நான் சின்னப் பெடியன். கோட்டைக்குள் ஆமி, சுற்றி வளைத்து இயக்கத்துப் பெடியள், மேலே ஹெலி. கொக்குவிலில் எங்கள் பங்கருக்குள் உன் பெரியப்பா மண்ணில் கட்டம் கீறி என்னோடு புள்ளடி விளையாடுகிறார். என்னை வெல்ல விடுகிறார், நான் தோற்றால் கத்துவேன் என்று. கோட்டை விழுந்தபோது ஊரே போய்ப் பார்த்துவிட்டு வந்தது. சுவர் உள்ள ஒரு இடத்தை எங்கள் பெடியள் பிடிப்பார்கள் என்று சனம் முதல்முதலாக நம்பியது அன்றைக்குத்தான். அந்த நம்பிக்கையில்தான் மிச்சம் எல்லாம் வந்தது.

ஆனையிறவு? ஆனையிறவு. இது முதலாம் ஆனையிறவு. குடாநாட்டின் கழுத்து அது. அதை வைத்திருக்கிறவனிடம்தான் உள்ளே வருகிற வழியும் வெளியே போகிற வழியும். இரண்டு பக்கமும் கடலேரி, நடுவில் உப்பு வெட்டை, வெயிலில் பார்த்தால் பால் ஊற்றி வைத்தது போல இருக்கும். இயக்கம் அந்த வெட்டையால் ஓடிப் போய் முகாமைப் பிடிக்கப் பார்த்தது. ஆமி கடலால் வந்து இறங்கிக் காப்பாற்றிக்கொண்டது. எங்கள் ஒழுங்கையால் ஆணி அடித்த சவப்பெட்டிகள் வந்தன. உன் பெரியப்பா வேலியோடு நின்று பார்த்துவிட்டு வந்து எங்கள் அம்மாவிடம், "பகலிலை அந்த வெட்டைக்குள்ளாலை ஏனம்மா ஓடினவை?" என்று கேட்டார். "வாயை மூடு" என்றா அம்மா. உன்னுடைய அம்புகள் எல்லாவற்றையும்விட அந்தக் கேள்வி எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.

நாவற்குழி? நாவற்குழி. இந்தத் தரிப்பில் ஒருவரும் இறங்குவதில்லை, ஏறுகிறவர்கள் மட்டும்தான். ஆமி யாழ்ப்பாணத்தைப் பிடிக்க வருகிறது, எல்லோரும் வெளிக்கிடுங்கள் என்று இயக்கம் லவுட்ஸ்பீக்கரில் சொன்னது. ஒரு நகரம் முழுக்க ஒரு றோட்டில் ஏறியது. மழை. விடிந்தபோது நாங்கள் பாலத்தில் நின்றோம், முன்னுக்கும் போக இடமில்லை, பின்னுக்கும் இல்லை. பெரியப்பாவின் சைக்கிளில் அம்மாவின் தையல் மெசின். கனவில் அந்தச் சனம் முழுக்க மெட்ரோவுக்குள் வருகிறது, நனைந்த பாயும் கோழியுமாக, என் மடியிலும் தோளிலும். ஒருவரும் ஒரு சத்தமும் போடுவதில்லை. பிறகு கிளாலிக் கடலேரி, வள்ளம், வன்னி. பிறகு முல்லைத்தீவு, கிளிநொச்சி என்று இரண்டு பெயர்களையும் அந்தக் குரல் ஒன்றாய்ச் சொல்லும். ஒரு முகாமை இயக்கம் அடித்துப் பிடித்தது, கொஞ்ச நாளில் ஒரு நகரத்தை ஆமி பிடித்தது. நாங்கள் இருந்தது அந்த நகரத்துக்குப் பக்கத்தில். மல்லாவிக் காட்டோரத்துக்கு ஓடினோம். கரண்ட் இல்லாத இடத்தில் பெரியப்பா சைக்கிள் டைனமோவில் றேடியோ போட்டார். நான் மிதித்தேன். சலித்துப்போய் நிற்பாட்டினால் செய்தியும் நின்றுவிடும். "மிதியடா, சண்டை எங்கை நிக்குது எண்டு பாப்பம்!" என்பார். நான் மிதித்தால்தான் சண்டை நகர்கிறது என்று அந்த வயதில் எனக்கு ஒரு நினைப்பு.

அதற்கு அடுத்த தரிப்பில் ரயில் நிற்காது. இரண்டாம் தரம் வருகிற ஆனையிறவு. வேகம் குறையும், அந்தக் குரல் கேள்வியை மட்டும் சொல்லும், பதிலைச் சொல்லாது. மேடை முழுக்க உப்பு. பெரியப்பா சேட்டுக்கையை மடித்துவிட்டுக்கொண்டு நிற்பார், உதடு வெடித்து. அவருக்குப் பக்கத்தில் மற்றப் பக்கத்து உடுப்புப் போட்ட பெடியளும் நிற்பார்கள், அவர்களுக்கும் அதே வயது, அதே வெடித்த உதடு. எல்லோரும் என்னுடைய ஜன்னலைத்தான் பார்ப்பார்கள். நான் தண்ணிப் போத்தலைத் தேடுவேன், ரயில் கடந்துவிடும். பிறகு கடைசித் தரிப்பு, முள்ளிவாய்க்கால். அதன் பெயர் வருவதற்குள் நான் விழித்துக்கொள்வேன். அந்த நாட்களில் நீ என் தோளில் இருந்தாய், நாங்கள் பாரிஸ் றோட்டுகளில் நின்று கத்தினோம். உனக்கு அது திருவிழா மாதிரி இருந்தது. கொடியை ஆட்டிக்கொண்டு சிரித்தாய். அதுவரை நடந்த எல்லாச் சண்டையும் எந்தப் பக்கம் வழிந்து வந்தது என்று அந்தச் சின்ன மணல்திட்டில் தெரிந்தது. அதற்கு மேல் எனக்கு எழுத வராது.

சரி. விஷயத்துக்கு வருகிறேன். பெரியப்பா எப்படிப் போனார் என்பது.

இயக்கம் வைத்திருந்த இடங்களிலிருந்து இளம் ஆட்கள் வெளியே போவதென்றால் பாஸ் வேண்டும். பாஸ் தருவதென்றால் ஒருவர் பிணை நிற்க வேண்டும். போனவன் சொன்ன காலத்தில் வராவிட்டால் பிணை நின்றவர் பதில் சொல்லியாக வேண்டும். பாரிஸில் இருந்த எங்கள் மாமா ஒருவர், ஒருவனைத்தான் கூப்பிடலாம் என்று சொல்லியனுப்பியிருந்தார். மூத்தவன் போவதுதான் முறை என்று அம்மா நினைத்தா. பெரியப்பா ஒத்துக்கொள்ளவில்லை. "இவன் போகட்டும். இவனுக்குப் பொறுமை இல்லை, இஞ்சை இருந்தா வாயாலை கெட்டுப்போவான். நான் பிணை நிக்கிறன்" என்றார். அம்மா அடுப்பை ஊதிக்கொண்டே இருந்தா. அடுப்பு நன்றாக எரிந்துகொண்டுதான் இருந்தது.

கொழும்பில் கண் வைத்தியம் என்று சொல்லிப் பாஸ் எடுத்தோம். என் கண்ணில் ஒரு கோளாறும் இல்லை. "காலெண்டா நொண்டிக் காட்ட வேணும். கண்ணெண்டா ஒருத்தரும் உள்ளை பூந்து பாக்கேலாது" என்று அந்த யோசனையைச் சொன்னதும் அவர்தான். நான் திரும்பி வரமாட்டேன் என்று எங்கள் மூன்று பேருக்கும் தெரியும். வெளிக்கிட்ட நாளில் சோதனை நிலையத்தில் நிற்கிறவர்களுக்குக் கேட்கிற மாதிரி, "டொக்டரிட்டைக் கண்ணை வடிவாக் காட்டு, என்ன!" என்று கத்திவிட்டுச் சிரித்தார். நானும் சிரித்தேன். அதுதான் நாங்கள் கடைசியாய்க் கதைத்தது.

தவணை முடிந்த பிறகு இயக்கத்து ஆட்கள் வீட்டுக்கு வந்தார்களாம். கத்தவில்லை, அடிக்கவில்லை. "தம்பி வரேல்லையோ?" என்று கேட்டார்களாம். பெரியப்பா, "அவன் வரமாட்டான். நான் வாறன்" என்று சொல்லிவிட்டுக் கொடியில் காய்ந்த சேட்டை எடுத்துப் போட்டுக்கொண்டு போனாராம். இவ்வளவுதான். நீ பர்ஸில் வைத்திருக்கிற ஆள் நாடு பிடிக்கப் போகவில்லை. வெட்டைக்குள்ளால் ஏன் ஓடினார்கள் என்று கேட்ட மனிசன், தம்பிக்குப் பதிலாய்ப் போய் அதே வெட்டையில் நின்றார்.

ஆனையிறவு விழுந்த செய்தி வந்தபோது நான் பாரிஸில் ரூ பிலிப்-து-ஜிரார் என்ற தெருவில் ஒரு அறையில் மற்றப் பெடியளோடு இருந்தேன். அண்ணை இயக்கத்துக்குப் போய்விட்டார் என்று தெரியும், எங்கே நிற்கிறார் என்று தெரியாது. கீழே கடை வைத்திருந்த செல்வண்ணை தட்டு நிறைய லட்டோடு றோட்டுக்கு இறங்கிவிட்டார். போகிற வருகிற எல்லோருக்கும் லட்டு. ஒரு பஸ்ஸை மறித்தார். சாரதி கண்ணாடியை இறக்கி ஒன்றை எடுத்துக்கொண்டு, கல்யாணமா என்று பிரெஞ்சில் கேட்டான். செல்வண்ணைக்கு அப்போது அரைகுறைப் பிரெஞ்சு. "வி, வி, மரியாழ்! பெரிய மரியாழ்!" என்றார். நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். "சாப்பிடடா, ஏன் பாத்துக்கொண்டு நிக்கிறாய், ஆனையிறவெல்லே!" என்று என் வாய்க்குள்ளும் ஒன்றை வைத்தார். நன்றாக இருந்தது. இன்னொன்று கேட்டு வாங்கினேன்.

அதற்குப் பிறகு ஒருநாள் செல்வண்ணையின் கடைக்கு எனக்குப் போன் வந்தது. பலகை அடித்த சின்னக் கூண்டுக்குள் நின்று எடுத்தேன். அம்மா. வன்னியில் அப்போது போன் இல்லை, பாஸ் எடுத்து வவுனியாவுக்கு வந்துதான் கதைக்க வேண்டும்.

"சாப்பிட்டியோ?"

"ஓம் அம்மா. என்ன, குரல் ஒரு மாதிரிக் கிடக்கு?"

"அண்ணை இல்லையடா."

"எப்ப?"

"ஆனையிறவு விழ முந்தின கிழமை."

அம்மாதான் தொடர்ந்தா. "ரெண்டு பேர் வந்து சொல்லிப்போட்டுப் போட்டினம். பக்கத்துக் கொட்டில்காரரும் இடம்பெயர்ந்து போட்டினம். எனக்குச் சொல்லி அழ ஒருத்தரும் கிடைக்கேல்லை. ஆட்டுக்குத்தான் சொன்னனான்."

மகன், அந்தச் சண்டை போரைத் திருப்பிப்போட்டது என்று நீ சொல்வது உண்மை. அதற்குப் பிறகுதான் இரண்டு பக்கமும் இருந்து கதைத்தது, கையெழுத்து வைத்தது, றோட்டைத் திறந்தது. திறந்த றோட்டால் அம்மா பஸ்ஸில் கொக்குவிலுக்குத் திரும்பிப் போனா. ஆனையிறவைத் தாண்டித்தான் போக வேண்டும். "எப்பிடி இருந்தது அம்மா?" என்று கேட்டேன். "கண்ணை மூடிக்கொண்டு வந்தன். உப்பு மணம் போனாப் பிறகுதான் திறந்தனான்" என்றா. பிள்ளையைத் தின்ற சண்டைதான் அவவை வீட்டுக்கு அனுப்பியது. இதை உன் வரைபடத்தில் எந்த நிற அம்பால் கீறுவாய் என்று எனக்குத் தெரியவில்லை. கேலியாகக் கேட்கவில்லை, உண்மையாகத்தான் கேட்கிறேன்.

இதையெல்லாம் நான் உனக்கு எப்போதோ சொல்லியிருக்க வேண்டும். நான் படத்தை மாட்டிவிட்டு, கதையை வாய்க்குள் வைத்துக்கொண்டேன். வெறும் படத்தைப் பார்த்து வளர்ந்த பிள்ளை அதற்குத் தானே ஒரு கதையைக் கட்டத்தான் செய்யும். அந்தப் பிழை உன்னுடையது இல்லை.

உன்னை மறிக்க இதை எழுதவில்லை. மறித்தால் நிற்கிற ஆளும் நீ இல்லை, அந்தக் குணம் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். ஆனால் அவர் போனதால் நானும் போகிறேன் என்று சொல்லாதே. அவர் போனது உன் அப்பா போகாமல் இருக்க. உன் அம்மா சொல்கிறாள், நீ சேர்ந்திருப்பது பாலம் போடுகிற பிரிவாம். ஆற்றுக்கு மேலே இரும்பை நீட்டிப் பொருத்தி, வாகனம் போனதும் திரும்பக் கழற்றுகிற வேலையாம். சின்ன வயதில் கால்வாய்க் கரையில் படகுக்குப் பாலம் தூக்குவதைப் பார்க்க நின்றால் உன்னை வீட்டுக்குக் கூட்டி வர முடியாது. அது ஒரு காரணம். பெரிய காரணம் இல்லை, ஆனால் உன்னுடையது. யாராவது ஏன் சேர்ந்தாய் என்று கேட்டால் அதைச் சொல். படத்தை வேண்டுமென்றால் கொண்டு போ. வீரராக வைத்திருக்காதே. தண்ணி விடாய்த்து நின்ற ஒரு பெடியனாக வைத்திரு. எதிரில் நிற்கிறவனுக்கும் விடாய்க்கும் என்று உனக்கு எப்போதாவது நினைவு வரவேண்டி இருந்தால், அதற்கு உதவும்.

திங்கள் காலை லீவு போட்டிருக்கிறேன். ஸ்டேஷனுக்கு வருவேன், பையை நான் தூக்குவேன். அழமாட்டேன், அதற்கு உன் அம்மா இருக்கிறாள்.

கடைசியாக ஒன்று. நேற்றுத்தான் அவள் சொன்னாள். படையில் நிரப்பிக் கொடுத்த பத்திரத்தில், உனக்கு ஏதாவது நடந்தால் முதலில் யாருக்கு அறிவிப்பது என்ற இடத்தில் அவளுடைய பெயரைப் போட்டிருக்கிறாயாம். நான் உன்னோடு கதைக்காமல் இருந்தபடியால் அப்படிச் செய்திருப்பாய். நியாயம்தான். ஆனாலும் போன உடனே அதை மாற்று. எங்கள் வீட்டில் இன்னொரு தரம் ஒரு தாய் தனியே நின்று அப்படி ஒரு செய்தியைக் கேட்கக் கூடாது. என்னுடைய பெயரைப் போடு. முதலில் எனக்குச் சொல்லட்டும், அவளுக்கு நான் சொல்கிறேன். லிஃப்ட் குழிக்குள் இறங்கும்போது போனை மேலே வைத்துவிட்டுப் போகிறவன் நான், எத்தனையோ தரம் இதற்கு உங்களிடம் ஏச்சு வாங்கியிருக்கிறேன். திங்கட்கிழமையிலிருந்து அது என் சட்டைப் பையில் இருக்கும். அடித்தால் எடுப்பேன்.